தவிட்டுக்கு விற்ற அக்கா

எனக்கு வாய் நீளம். என் வீட்டுக்காரர் சொல்வார், பிள்ளைகள் சொல்வார்கள், மாசாயில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் பாதிப் பேர் சொல்வார்கள். அக்கா அப்படி இல்லை. உலு திராமில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும், அந்தம்மா சத்தத்தையே கேட்டதில்லை என்பார்கள். நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். ஆனால் என் அடையாள அட்டை நீலம், அவளுடையது சிவப்பு. நான் குடிமகள். அவள் இந்த மண்ணிலேயே பிறந்து, அறுபது வருஷம் இங்கேயே கிடந்தும், தங்கிக்கொள்ள அனுமதி பெற்றவள், அவ்வளவுதான்.

இந்த நிற வித்தியாசம் வெகுகாலம் எங்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. அக்கா ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டினாள். தோட்டம் மூடிய பிறகு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே வேலை செய்தாள். கல்யாணம் கட்டினாள், ஒரே மகளைப் படிக்க வைத்தாள், புருஷனைப் பறிகொடுத்தாள். தேர்தல் நாளில் நான் விரலில் மையோடு அவள் வீட்டுக்குப் போவேன். சோறு போட்டுக்கொண்டே, "யாருக்குடி போட்ட?" என்று கேட்பாள். நான் சொல்ல மாட்டேன். அவளும் விட்டுவிடுவாள். அத்தான் நீல அட்டைக்காரர் என்பதால் மகளுக்கும் நீலம். அந்தப் பெண் சிங்கப்பூரில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு நல்ல பையனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் இந்தப் பக்கத்துக் கோயிலில் நடந்ததால் அப்போதும் அக்காவுக்கு நீரிணைப் பாலம் தாண்டி அங்கே போகும் தேவை வரவில்லை.

தேவை இந்த வருஷம் வந்தது. மகளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது, யார் கண் பட்டுவிடுமோ என்று யாருக்கும் சொல்லாமலே, ஐந்தாம் மாதம் வரை வந்துவிட்டது. டாக்டர் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவளால் இங்கே வர முடியாது. அக்காவால் அங்கே போக முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். இங்கே தாயே பாலத்துக்கு இந்தப் பக்கம். அக்கா இஞ்சி லேகியம் கிண்டி, சீரகப்பொடி இடித்து, தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். லேகியம் வாரம் ஒருமுறை பாலம் தாண்டியது.

சிவப்பு அட்டைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. வேறொரு பிரயாணப் பத்திரம் உண்டு. எழுதிப் போட்டோம். பிறப்புச் சான்று கேட்டார்கள். அதைத்தான் நாங்கள் பார்த்ததே இல்லை. லயத்துக்குள் ஒருமுறை வெள்ளம் புகுந்தபோது போய்விட்டது என்று அப்பா சொல்வார். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டி வந்ததும், அப்பா கோர்ட்டுக்குப் போய், இவள் என் மகள், தாய் இன்னார் என்று சத்தியப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் சிவப்பு அட்டையாவது வந்தது. இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையானவள். எங்கள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். உங்கள் அம்மா நீல அட்டைக்காரர், அவர் பெற்ற பிள்ளைதான் என்று பழைய ஆஸ்பத்திரிப் பதிவு ஒன்று கிடைத்தால் போதும், கோப்பை நகர்த்தலாம், பத்திரமும் சீக்கிரம் வரும் என்றாள். ஆனால் அப்பா சத்தியம் செய்து சொன்ன தாய் பெயரும் பதிவில் உள்ள தாய் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல் என்றும் சொன்னாள். "அம்மா என்ன ரெண்டு பேரா இருப்பாங்க" என்று நான் தமிழில் முணுமுணுத்தேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு வலி எடுத்தால் லாரியில் ஏற்றிக் குன்றின் மேல் இருந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரி, கோர்ட்டு, துரைமார் கிளப் எல்லாம் அங்கேதான் இருந்தன. எல்லாம் மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. பதிவேடுகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் அங்கே போங்கள், இங்கே கேளுங்கள் என்று அலைந்தோம். கடைசியில் என் மகன்தான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அந்தக் குன்றைச் சீரமைத்து, வெள்ளையடித்து, பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுகிறார்களாம். ஆஸ்பத்திரிக்குள் கண்ணாடிப் பெட்டி ஒன்று. அதற்குள் திறந்து வைத்த பெரிய பிறப்பு ஏடு. கீழே பலகையில் போட்டிருந்த ஆண்டுகளுக்குள் அக்கா பிறந்த ஆண்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என் பழைய காரில் கிளம்பினோம். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, கல்யாணத்துக்கா போறோம்?"

"அம்மா பேரப் பாக்கப் போறோம்ல."

வழியெல்லாம் அவள் அன்று கொஞ்சம் பேசினாள். அவள் கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அக்காவுக்கு முன்னால் அம்மாவுக்கு மூன்று பிறந்து மூன்றும் போய்விட்டன. நான்காவதாக இவள் பிறந்ததும் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த குழந்தையை முறத்தில் கிடத்தி, பிள்ளை குட்டியோடு நன்றாக வாழ்கிறவள் கையில் கொடுத்து, பதிலுக்கு ஒரு பிடி தவிடு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவளிடமிருந்தே வளர்ப்புக்கு எடுத்து வருவதுபோல எடுத்து வர வேண்டும். எமன் தேடி வந்தால், இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுவான். ரப்பர் தோட்டத்தில் நெல் ஏது, தவிடு ஏது. எதிர்வீட்டு அத்தை கோழிக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்து அக்காவை வாங்கிக்கொண்டாள். அவள் ஆறு பெற்று ஆறையும் வளர்த்தவள், எல்லாம் பையன்கள். பின்னால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தகராறு வந்தபோது குடும்பத்தோடு கப்பலேறிச் சொந்த ஊருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு கடிதம்கூட இல்லை.

"கோழித் தவிட்டுக்கு வித்த பொண்ணு நீ. அதான் வெடியக்காலையிலயே முழிச்சிக்கிற" என்றேன்.

அக்கா சிரித்தாள். "அப்பா என்ன சொல்லுவாரு, ஞாபகமிருக்கா? எதுக்காச்சும் அழுதா, போ, எதிர்வீட்டு அத்தைகிட்டப் போய்க் கேளு, ஏட்டுலயே நீ அவ பிள்ளைதான்னுவாரு."

நானும் சிரித்தேன். எத்தனை முறை கேட்ட கேலி. அன்றும் அது கேலியாகத்தான் காதில் விழுந்தது.

குன்றின் அடிவாரத்தில் முதல் தடை. ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக முடியாதாம். வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் போக வேண்டும், ஐந்து இடங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி நான்காவது. வழிகாட்டி பணி ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர், வெள்ளைத் தொப்பி, கழுத்தில் சாவிக்கொத்து. எங்களோடு வந்தவர்கள் ஒரு வயதான சீனத் தம்பதி மட்டும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று அக்கா மலாயில் கேட்டாள். சிங்கப்பூர், காலையில் பாலம் தாண்டி வந்தோம், இன்றைக்குக் கூட்டமே இல்லை, பத்து நிமிடத்தில் தாண்டிவிட்டோம் என்றார் அந்த மனிதர் சந்தோஷமாக. அக்கா நல்லது என்று தலையாட்டினாள்.

முதல் இடம் மணிக்கூண்டு. படியேறும்போதே அக்காவுக்கு முழங்கால் வலி எடுத்துவிட்டது. மேலே வழிகாட்டி மணிக்கூண்டின் உயரம், செங்கல், கட்டியவர்கள் என்று விவரித்துக்கொண்டே போனார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த மணியோசை அடிவாரத் தோட்டங்கள் வரை கேட்குமாம். கேட்டுத்தான் வளர்ந்தோம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இதை மணி என்று நாங்கள் சொல்லமாட்டோம், பெரட்டு என்போம். காலையில் அந்தச் சத்தத்துக்கு முன்னால் வேலையாட்கள் எல்லோரும் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட வேண்டும். சொன்னால் அவர் அதற்கும் ஒரு கால் மணி நேரம் பேசுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாவது கோர்ட்டு. இப்போது அதற்குள் ஓவியங்கள் மாட்டி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் உள்ளே போனார்கள். அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இந்தப் படிதான். அப்பா செருப்ப இங்கதான் கழட்டிப் போட்டாரு. உள்ள யாருமே கழட்டல, அவரு மட்டும் கழட்டினாரு. என்னையும் கழட்டச் சொன்னாரு."

"கோயில்னு நெனச்சாரா?"

"சத்தியம் பண்ணப் போறோம்ல, அதான்."

உள்ளே வழிகாட்டி ஒரு பழைய நாற்காலியைக் காட்டி நீதிபதியின் நாற்காலி என்றார். சீனத் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். எங்களையும் நிற்கச் சொன்னார்கள். அந்த அம்மாள் அக்காவின் சேலையைத் தொட்டுப் பார்த்து அழகு என்றாள். அக்கா அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றாள். செருப்பு வாசலில் இருந்தது.

மூன்றாவது துரைமார் கிளப். அது இப்போது தங்கும் விடுதி. எங்கள் ஆட்களில் ஒருவரும் முன்வாசல் வழியாக அதற்குள் போனதில்லை. பின்பக்கம் புல் வெட்டப் போனவர்கள்தான். அங்கே எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அக்கா முழங்காலை நீவிவிட்டாள்.  இன்னும் எவ்வளவு நேரம் இங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "சாபார், காக்" என்றார் அவர், பொறுமை அக்கா என்று. பொறுமையாம். அறுபது வருஷம் பொறுத்தாயிற்று, இந்தத் தேநீரையும் பொறுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். நீண்ட கூடம், வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒரு எனாமல் தொட்டி, குழந்தையை நிறுக்கும் தராசு. நான் எதையும் நின்று பார்க்கவில்லை. நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனேன். ஏடு நான் நினைத்ததைவிடப் பெரியது. திறந்திருந்த பக்கத்தில் வேறு வருஷம். அக்கா பிறந்தது அதற்குச் சில பக்கங்கள் தள்ளி இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. அக்கா கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

வழிகாட்டியிடம் திறக்கச் சொன்னேன்.

"தக் போலே லா, காக்," என்றார். முடியாது. குழுவுக்கு எழுத வேண்டும், அவர்கள் கூடிப் பேசி அனுமதி கொடுக்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். எனக்கு ஏறிவிட்டது. இது வேடிக்கை பார்க்கிற புத்தகமா, இதற்குள் இருப்பது மனிதர்கள், இதோ நிற்கிறாள் ஒருத்தி என்று மலாயும் தமிழுமாகக் கத்தினேன். சீனத் தம்பதி சங்கடப்பட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை கேட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அக்காதான் என் கையைப் பிடித்து ஓரம் தள்ளிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள். என் மகளுக்கு ஏழாம் மாதம், அவள் அந்தப் பக்கம் இருக்கிறாள், எனக்கு ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் கழுத்தில் கிடந்த சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். பிறகு சீனத் தம்பதியைப் பீரங்கி மேட்டுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருங்கள் என்று அனுப்பினார். கதவைச் சாத்தினார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தில் சிறிய சாவியைத் தேடிப் பெட்டியைத் திறந்தார்.

மக்கிய தாள் வாசனை வந்தது. அவர் ஒவ்வொரு பக்கமாக, நுனியைப் பிடித்துத் திருப்பினார். நான் பக்கத்தில் நின்று வாசித்தேன். பொடிப் பொடியான ஆங்கிலக் கையெழுத்து. சில பக்கங்களிலேயே அம்மாவின் பெயர் கிடைத்துவிட்டது. "இருக்கு அக்கா" என்றேன். ஆனால் வருஷம் முந்தியது. ஆண் குழந்தை. ஓரத்தில் சிவப்பு மையில் சிறிய சிலுவைக் குறி. இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை, பெண். இன்னும் தள்ளி மூன்றாவது, ஆண். மூன்றுக்கும் தாய் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருந்தன. மூன்றுக்கும் ஓரத்தில் குறி இருந்தது. எங்களுக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா, இன்னோர் அண்ணன். அவர்களை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

"அடுத்தது நான்தான்" என்றாள் அக்கா.

அவர் திருப்பினார். அக்காவின் வருஷம், தை மாதம். தைப்பூசத்துக்கு மறுநாள் பிறந்தவள் என்று அம்மா சொல்வாள், அட்டையில் இருப்பதும் அந்தத் தேதிதான். அன்றைக்கு இரண்டு பிறப்புகள். ஒன்று சீன வீட்டுப் பையன். இன்னொன்று பெண், எங்கள் தோட்டம். நான் விரலை வைத்துக்கொண்டு தாய் பெயர் இருந்த கட்டத்துக்குப் போனேன்.

"என்னடி போட்டிருக்கு?"

 எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும், அன்றைக்கு அது எங்கே போனதோ. திரும்பத் திரும்ப அதே எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தேன். தாய் இடத்தில் எதிர்வீட்டு அத்தையின் பெயர் இருந்தது. தகப்பன் இடத்தில் அவள் புருஷன் பெயர். முன்னால் மூன்று மாதம், பின்னால் மூன்று மாதம் என்று அந்த நல்ல மனிதர் பொறுமையாகத் திருப்பிக் காட்டினார். அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. இரண்டு வருஷம் தள்ளி, நான் பிறந்த தேதியில்தான் மறுபடியும் இருந்தது. அதில் ஒரு பிசகும் இல்லை.

"சொல்லு. யாரு பேரு?"

"எதிர்வீட்டு அத்தை பேருக்கா."

அக்கா ஏட்டையே பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தாள். நடந்தது என்ன என்று எங்கள் இருவருக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மூன்று முறை அம்மா தன் பெயரை எழுதவைத்தாள். மூன்று முறையும் எமன் அந்த ஏட்டைப் பார்த்து வந்ததுபோல வந்து எடுத்துப் போனான். முறத்தில் வைத்துக் கொடுத்தால் மட்டும் போதாது என்று அவளுக்கோ அப்பாவுக்கோ தோன்றியிருக்கிறது. லாரியில் கூட வந்த எதிர்வீட்டுக்காரியின் பெயரையே எழுதச் சொல்லிவிட்டார்கள். விற்றால் முழுசாக விற்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் கழித்து, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோர்ட்டில், அதே அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உண்மையைச் சொன்னார். இரண்டு பத்திரம், இரண்டு அம்மா. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

யாரைத் திட்டுவது? வழிகாட்டி நல்லவர். அலுவலகப் பெண் நல்லவள். அம்மாவைத் திட்ட முடியுமா? பிள்ளை பிழைக்க வேண்டும் என்று செய்தாள். பிழைத்துவிட்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அதைப் போடுவதற்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத வேதனை.

வழிகாட்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று பக்கத்து அறைக்குப் போனார். ஏடு திறந்தபடியே இருந்தது. என் கைப்பையில் பேனா இருந்தது. கறுப்பு மைப் பேனா. அத்தை பெயர் சின்னப் பெயர், பக்கத்தில் இடம் இருந்தது. ஒரே கோடு இழுத்து மேலே அம்மா பெயரை எழுத ஒரு நிமிஷம் போதும். அந்தக் காலத்தில் ஏடு எழுதிய கிராணியே திருத்தியதுபோல இருக்கும். நான் நல்லவள் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். தொழிற்சாலையில் வேலை செய்த கை, எலும்பு வலித்தது.

"ஒரு தடவ மாத்தி எழுதுனதே போதும்."

"பின்ன என்னக்கா பண்றது? இத விட்டா வேற வழியே இல்ல. ரெண்டு மாசம்தான் இருக்கு."

"மூடு. அவரு வராரு."

மூடியைப் போட்டு மூடினேன். தண்ணீர் கொண்டு வந்தவர், வேண்டுமானால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன். அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. பிறகு அதை அலுவலகத்தில் காட்டியபோது அந்தப் பொறுமையான பெண் இரண்டு பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஏட்டில் உள்ள பெண் நீங்கள்தான் என்று காட்ட ஏதும் இல்லை, நீங்கள்தான் என்று காட்டினாலும் அப்பா செய்தது பொய்ச் சத்தியமாகிவிடும் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அவளை என்ன செய்வது.

ஐந்தாவது இடம் பீரங்கி மேடு. வராமல் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தோம், ஆனால் இறங்கும் பாதையே அந்த வழியாகத்தான். கடலைப் பார்த்து ஒரு துருப்பிடித்த பீரங்கி. வானம் தெளிவாக இருந்தது. நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர் அடுக்குமாடிகள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. சீனத் தம்பதி அதோ எங்கள் வீட்டுப் பக்கம் என்று கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பீரங்கிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தாள். அப்போது மகள் கூப்பிட்டாள். தலையணையில் சாய்ந்த முகம் திரையில் வந்தது.

"அம்மா, எங்க இருக்க? பட்டுச்சேலையெல்லாம் கட்டிருக்க."

"சித்தியோட ஊரு பாக்க வந்தேன். இந்தா, பீரங்கி பாரு."

"ஏடு பாக்கப் போறேன்னியே. கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அப்ப வந்துருவதானே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

"சாப்ட்டியா நீ?" என்றாள் அக்கா.

"சாப்ட்டேன். அம்மா, நேத்துலேர்ந்து உள்ள அசைவு கம்மியா இருக்கு. டாக்டரு ஒன்னுமில்லங்கிறாரு. எனக்குத்தான் பயமா இருக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள், குரல் உடைந்துவிட்டது. "ஒன்னு பண்ணலாமா? உன்ன மாதிரியே இதையும் தவிட்டுக்கு வித்துரலாம். கீழ் மாடியில ஒரு அக்கா இருக்காங்க, மூணு பிள்ள, நல்லா இருக்கு. உனக்குப் பலிச்சுதில்ல. நீ இருக்கதானே."

"வேணாம்."

அக்காவின் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சீனத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். மகள் திரையில் அப்படியே விழித்தாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள், பிறகு பழைய குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"பொறந்ததும் பேரு எழுத வருவாங்க. உன் பேரச் சொல்லு. எழுத்தெழுத்தாச் சொல்லு. எழுதிட்டு, படிச்சுக் காட்டச் சொல்லு. சரியா இருக்கான்னு பாத்துட்டுதான் கையெழுத்துப் போடணும். எமன் வந்தா வரட்டும், அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ யாருக்கும் குடுக்காத."

"சரிம்மா. என்னம்மா ஆச்சு உனக்கு? நீதான் வந்து பக்கத்துல இருப்பியே, நீயே பாத்துச் சொல்லேன்."

 கைப்பேசியைப் பிடுங்கி நானே சொல்லிவிடலாம் என்று கையை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேட்டின் விளிம்புவரை நடந்துபோய், கைப்பேசியை அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளை நோக்கித் திருப்பிப் பிடித்தாள்.

"இந்தா பாரு, பக்கத்துலதான் நிக்கிறேன்," என்றாள். "எனக்கு உங்க ஊரு நல்லாத் தெரியுது."